ஆமெனுக்குப் பின்

யோர்க் ஹாஸ்லிங்கர் எங்கள் தெருக்காரன். தோல் பதனிடுகிறவரின் மகன், கத்தோலிக்கரோடு பகைகொண்ட கால்வின் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். தாய் செத்தபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்காள் யூதித். பேசப் பழக்கியதும் ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

மீசை முளைத்ததும் கத்தோலிக்கரின் பவேரியப் படைக்கு ஓடிப்போய்க் கத்தோலிக்கனானான். பிறவிக் கத்தோலிக்கனைவிட இரண்டு பங்கு பக்தி காட்டினான். ரெஜிமெண்ட் தளபதியாகவும் ஆகிவிட்டான். சொந்த ஊரைக் கேட்டால் வேறு எதையோ சொல்வான். படைக்குப் பின்னால் வண்டியில் பீர் விற்ற எனக்கு மட்டும் உண்மை தெரியும்.

கடைசியில் எங்கள் ஊரையே முற்றுகையிட்டான். ஊர் விழுந்தது. பிற்பகலில் முரசு அடித்ததும் வெட்டிக் கொள்ளையடிக்க அதைச் சிப்பாய்களிடம் விட்டுவிடுவதாக முடிவு. அதற்குமுன் கத்தோலிக்கர் மட்டும் வெளியேறலாம். உயிர் போகும் நேரத்தில் எவன்தான் தன்னைக் கத்தோலிக்கன் என்று சொல்லமாட்டான்? அதற்கும் யோர்க்தான் வழி கண்டுபிடித்தான்.

"பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொல்லுங்க ஃபாதர். நம்ம ஆளு 'தீமையிலிருந்து எங்களை இரட்சியும்'னு சொல்லி ஆமென் போட்டுருவான். கால்வின்காரனுங்களுக்கு அதோட வாய் நிக்காது. 'ராஜ்யமும் வல்லமையும்'னு ஓடிக்கிட்டே இருக்கும்."

படைச் சாமியார் அன்செல்முக்குக் குஷி தாங்கவில்லை.

யோர்க் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "கெர்ட்ரூட், உள்ள போய் அக்காகிட்ட சொல்லு. 'இரட்சியும்'ங்கிறதோட நிறுத்தணும். ஒரு ஆமென். அவ்வளவுதான்."

போய்ச் சொன்னேன். யூதித் சிரித்தாள். "அவன் பொழைக்க சபையவே முழுங்கினான். நான் பொழைக்க ஒரு வரிய முழுங்க மாட்டேனா? வா, போவோம்."

கோட்டை வாசலில் சாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யோர்க். எங்கள் ரொட்டிக்காரர் ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே உள்ளே திரும்பினார். அடுத்து யூதித்.

அவசரப்படாமல், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே இழுப்போடு சொன்னாள். யோர்க்கின் உதடும் கூடவே அசைந்தது. அதை அவன் அறிந்தானோ என்னவோ. "தீமையிலிருந்து எங்களை இரட்சியும். ஆமென்." பிசகாமல் நிறுத்திவிட்டாள்.

அவன் நிறுத்தவில்லை.

"ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்..."

கட்டைக் குரல். வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. சாமியார் மெதுவாகத் திரும்பினார்.

"யாரு சொன்னது?"

யோர்க்கின் முகத்தில் ரத்தமே இல்லை. விரலை நீட்டினான்.

"இவதான் ஃபாதர்."

படுபாவி! இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. சாமியார் என்ன, செவிடரா? அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல தளபதி லேசில் கிடைக்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு யூதித்தைக் கேட்டார்.

"நீயாம்மா சொன்னே?"

ஒரு வார்த்தை போதும், அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். யூதித் தம்பியைப் பார்த்தாள்.

"ஆமாங்க ஃபாதர். நான்தான். சின்ன வயசுப் பழக்கம், விடமாட்டேங்குது."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த வழியே உள்ளே போனாள். அவன் கூப்பிடவில்லை. சிப்பாய்கள் கதவைச் சாத்தினார்கள்.

பிற்பகலில் முரசை அடிக்கச் சொல்லி உத்தரவு கொடுக்க வேண்டியவன் தளபதி. கொடுத்தான்.