வைரஸை மட்டும் சொல்லவில்லை

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டில் புத்தகங்களோடு கொம்பியூட்டரும் பூசைப் படியேறும். அம்மா அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். விஜயதசமி விடியும்வரை யாரும் தொடக்கூடாது.

அந்த வருடம் அப்பா நல்ல நேரம் பார்த்து அதைப் போட்டார். விழித்தது, ஐந்தாறு விநாடியில் அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. அக்கா அழத் தொடங்கினாள். மூன்று மாதமாக எழுதிய கெம்பஸ் ஒப்படை அதற்குள்தான் இருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டும், வேறு பிரதி கிடையாது.

நான் பூசைக்கு முதல்நாள், சிநேகிதி தந்த பென் டிரைவைச் செருகி, கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் களவாக ஏற்றியிருந்தேன். வைரஸ் வந்திருந்தால் என் கையால்தான் வந்திருக்கும்.

அப்பா கிருலப்பனையில் இருந்த கொம்பியூட்டர் திருத்துபவருக்குப் போன் எடுத்தார். "ஹேங் ஆகுதா, கிராஷ் ஆகுதா அங்கிள்?" என்று அவர் கேட்டதும் அப்பா திணறிப்போனார். அப்பாவைப் பொறுத்தவரை கொம்பியூட்டருக்கு இரண்டே நிலைதான்: வேலை செய்யும், வேலை செய்யாது. ஆங்கில மீடியத்தில் படிக்கிறவள் என்று போனை என்னிடம் நீட்டினார்.

"வடிவா விளங்கப்படுத்து பிள்ளை."

பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய சொற்களையெல்லாம் கொட்டினேன். ஹேங், ஃப்ரீஸ், கிராஷ், எரர், ஸ்லோ. வைரஸை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"இவ்வளவும் ஒரே நாளிலையா?" என்றார் அவர்.

அரை மணியில் வந்துவிட்டார். கொம்பியூட்டரைப் போடும் பட்டனின் விளிம்பில் காய்ந்து இறுகியிருந்த மஞ்சள் நிறத் துகளை ஊசியால் சுரண்டித் துடைத்தார். போட்டார். அணையவில்லை. அக்காவின் ஒப்படை பத்திரமாக இருந்தது. திரையில் அதன் பக்கத்திலேயே என் விளையாட்டுக் காரும் நின்றது. அவர் காரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவையும் ஒருதரம் பார்த்தார்.

"தூசு போய் பட்டன் அமுங்கினபடி இறுகிட்டுது அங்கிள். வேற ஒண்டுமில்லை."

அப்பாடா! எனக்காகத்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அம்மாவும் பெருமூச்சு விட்டார். திருத்த வந்தவருக்கு இரண்டாந்தரமும் தேத்தண்ணி ஊற்றினார், பூசைக் கடலையைப் பை நிறையக் கட்டிக் கொடுத்தார். தப்பியது நான், உபசாரம் அம்மாவுடையதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வருடமும் அம்மா கொம்பியூட்டருக்குச் சந்தனம் வைத்தார், பட்டனிலிருந்து ஒரு சாண் தள்ளி. அப்போதும் எனக்கு விளங்கவில்லை.