உளவாளியின் நெற்றியில் திருநீறு

வங்கதேசத்து உளவாளி ஒருவர் எங்கள் மாத்தளைக்கு வந்து உலகத்தைக் காப்பாற்றப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே, நான் அந்தப் படக்குழுவில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்தேன் என்றால், கொழும்பு டைரக்டர் இன்னும் தலையாட்டவில்லை.

"ஆட்டோ ஓட்ட நல்ல ஆளாக் கொண்டு வா. துரத்தல் சீன் சரியா வந்தா நீ அசிஸ்டன்ட். வராட்டி வீட்டுக்குப் போ."

என் தாய்மாமாவைக் கூட்டிப்போனேன்.

படத்தின் மொத்த ஆடம்பரமும் ஒரே ஒரு புகைக்குண்டு. துப்பாக்கி பிளாஸ்டிக். வில்லனுக்குக் கிடைத்தது பக்கத்து ஊரான பலாபத்வலையின் மரக்கறி வேன். கதவைத் திறந்தால் லீக்ஸ் வாசம். கதாநாயகன் ஆட்டோவில் பாய்ந்து ஏற வேண்டும், வேன் துரத்த வேண்டும், வளைவில் குண்டு புகைய, ஆட்டோ அதைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும்.

"எங்கயும் நிக்கக் கூடாது மாமா."

"நான் ஏன்டா நிக்கப் போறேன்? இருபது வருஷமா ஓடுற ரோட்டு!"

அந்த இருபது வருஷம்தான் வினையானது. வளைவில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. குண்டு புகைந்தது. மாமா பறந்து வந்தார். பிரேக் பிடித்தார். செருப்பைக் கழற்றி, மூன்று தோப்புக்கரணம் போட்டு, திருநீறு பூசினார். பின்சீட்டில் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த உளவாளிக்கும் ஒரு கோடு இழுத்தார். அவரும் மரியாதையாகத் தலையைக் குனிந்தார்.

பின்னால் வந்த வேன் மோதிவிடும் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது அதுவும் நின்றிருந்தது. உள்ளூர் டிரைவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வில்லன் மட்டும் கறுப்புக் கண்ணாடியோடு பொறுமையாகக் காத்திருந்தார்.

"கட்! யார் இந்த மனுசனக் கொண்டு வந்தது?"

கையைத் தூக்கினேன்.

"அவனக் கோவிக்காதீங்க சேர்," என்றார் மாமா. "கும்பிடாமப் போய் எங்கயாச்சும் முட்டினா உங்க படந்தான் நின்னு போகும்."

வேறு குண்டு இல்லை. டைரக்டர் எடுத்ததை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். உளவாளி நெற்றியைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்: "இது என் மாறுவேடம்தானே?"

டைரக்டருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவே இல்லை.

"இதையே வைப்போம். ஆனா கடைசி சீன் வரைக்கும் இந்தக் கோடு நெத்தியில இருக்கணும். அதுக்கு நீதான் பொறுப்பு."

அப்படித்தான் நான் அசிஸ்டன்ட் ஆனேன். கடைசி சீன் எடுத்த சீகிரியா வெயிலில் உளவாளி வில்லனை உதைத்து முடிக்கும் ஒவ்வொரு தடவையும், திருநீற்றுப் பொட்டலத்தோடு ஓடி, அவர் வியர்வையைத் துடைத்துக் கோட்டைத் திரும்ப இழுத்தேன். ஒரு காட்சியில் கோடு கோணலாக இருக்கும். அது மட்டும் மாமா போட்டது.