சபை மாறிய அன்று வைத்த பால்சோறு

எங்கள் பிரதேச சபையில் ஆட்சி மாறினால் கொழும்புக்கு ஒன்றும் ஆகாது. என் வீட்டில்தான் ஓர் ஆள் குறைந்தது. போன தேர்தலில் எங்கள் மெம்பரின் கட்சி சபையை இழந்தது. புதிதாக வந்த சேர்மன், குப்பை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை நிறுத்திவிட்டு, தம் கட்சிக்கு உழைத்த ஒருவரைப் போட்டார். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரர். வென்ற சந்தோஷத்தில் அவர்கள் வைத்து அனுப்பிய பால்சோற்றைக் கோழிக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போனார்.

டிராக்டர் ஓட்டிய காலத்தில், யாரோ எறிந்த குடையைக் கொண்டுவந்து கம்பி கட்டித் தருவார். "ஊர்க் குப்பையெல்லாம் எதுக்கு இங்க கொண்டாறீங்க?" என்று சண்டை பிடிப்பேன். அப்படித் தந்த ஒரு குடையைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது இரத்தோட்டை டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறேன். இன்னும் ஒழுகவில்லை. சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை. அவர் இல்லாத வீட்டில் எனக்குக் கோபம்கூடச் சரியாக வருவதில்லை.

பாதித் தவணையில், சபையில் பட்ஜெட் இரண்டாவது முறையும் தோற்றதால் அந்த சேர்மனின் பதவி போயிற்று. சபை எங்கள் பக்கம் வந்தது. சந்தியில் பட்டாசு வெடித்தது. மெம்பர் வாசலுக்கே வந்து, "தங்கச்சி, அவர வரச் சொல்லுங்க. டிராக்டர் அவருக்குத்தான்" என்றார்.

வென்றவர்கள் பால்சோறு வைத்துத் தோற்றவர்களுக்கும் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பாதி சந்தோஷத்தில் கொடுப்பது, பாதி "பார்த்தியா" என்று காட்டக் கொடுப்பது. நானும் தேங்காய் இரண்டு கூடத் துருவி, கட்டியாகப் பாலெடுத்து வைத்தேன். முதல் தட்டை வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பக்கத்து வீட்டுக்காரி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அண்ணன் வர்றாராக்கா?"

"வராம? சபையே மாறிடுச்சே."

"நல்லது" என்றாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. "அக்கா, அண்ணன அனுப்பின ஏஜென்சி எங்க இருக்கு? இவருக்கும் கேட்டுப் பாக்கணும்."

வந்த வேகம் எல்லாம் அடங்கிப்போயிற்று. ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மற்றத் தட்டுகளை எங்கும் கொண்டுபோகவில்லை.

கட்டாரில் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு லீவு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போன் பண்ணினார். விஷயத்தை மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "எவ்வளவு நாளைக்குத் தருவாங்க?" என்றார்.

"அடுத்த எலக்சன் வரைக்கும்."

"அதுக்குப் பொறகு?"

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"இங்க நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு ஒருத்தனும் கேக்கல. போன கிழமைதான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சேன். ஒங்கிட்ட சொல்லப் பயந்துகிட்டு இருந்தேன்."

"வேல கெடந்துட்டுப் போகுது. எனக்கு நீங்க வேணும்" என்றேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அவர் அழுவது எனக்குக் கேட்டது. ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் மெம்பர் வீட்டுக்குப் போய், டிராக்டருக்கு இப்போது ஓட்டுகிறவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். "சரி, ஒங்களுக்காக" என்றார். அங்கிருந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"ஏஜென்சியெல்லாம் தேட வேணாம். இவரு வரல்ல. மெம்பர்கிட்ட சொல்லிட்டேன், ஒங்க வீட்டுக்காரரே ஓட்டட்டும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் புருஷன், "என்னாவாம்?" என்று கேட்டார்.

"நீங்க எங்கயும் போக வேணாமாம்" என்றாள்.

அந்த வார்த்தையை என் வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் நான் இவ்வளவு காலம் காத்துக்கொண்டிருந்தேன்.