சூரியனைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு

தை பிறந்தும் மூட்டம் விலகவில்லை. அன்று காலையும் சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன். விறகு ஈரம். வீடெல்லாம் புகை. வாலாஜாபாத் பஸ்ஸில் வந்திறங்கிய கனகாவின் கொழுந்தன் வாசலிலேயே நின்று, "அண்ணி பூட்டாங்க டீச்சர்" என்றார்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"வயித்துல கட்டி. ஒரு வருசமா கீது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வாலாஜாபாத்தில் அவளுடைய தெருவுக்கே தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். செத்துப்போனவளிடம் கோபிக்கலாமா என்று கேட்பீர்கள். அவளை அறிந்தவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஊருக்கு அவள் கனகவல்லி டீச்சர். எனக்குக் கனகா. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே தெரு, திருப்புலிவனத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. உத்திரமேரூரிலிருந்து தினமும் நடந்தே போய் வருவோம். கடல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஐப்பசி பிறந்தால் அதன் மேகம் மட்டும் வழி தவறாமல் வந்துவிடும். நாலு நாள், ஐந்து நாள் என்று சூரியன் தலைகாட்டாது. துவைத்த சேலை கொடியிலேயே நாறும். எங்கள் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் கிடையாது. கரும்பலகையில் எழுதினால் முதல் வரிசைப் பிள்ளைக்கே தெரியாது. நான் வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கனகா சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து மனக்கணக்குப் போடுவாள். "எழுத்து தெரியலன்னா இன்னா, காது கீது இல்ல?" என்பாள். அவளிடம் படித்தவர்கள் இன்றைக்கும் மனக்கணக்கில் புலிகள் என்றால் அதற்கு மேகம்தான் காரணம்.

எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை உண்டானபோது நான் யாரிடமும் சொல்லவில்லை, கனகாவிடம் மட்டும் சொன்னேன். "சூரியனைப் பாத்துட்டுதான் வாயில தண்ணி வைப்பேன்னு வேண்டிக்கோ. எங்க சித்திக்கு அப்படித்தான் புள்ள தங்குச்சு" என்றாள். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "நானும் உங்கூட இருக்கேன். ஒருத்தியா இருந்தாத்தான் பசி தெரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

ஆவணியில் வேண்டிக்கொண்டோம். வெயிலுக்கா பஞ்சம் இந்த ஊரில்? கண்ணைத் திறந்தால் சூரியன் நிற்கும். கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டோம். இவ்வளவு சுலபமான வேண்டுதல் உண்டா என்று சிரித்துக்கொண்டோம். ஐப்பசி வந்தபிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

சில நாள் பத்து மணிக்கு மேகம் கொஞ்சம் கிழியும். பிள்ளைகள் "சூரியன் டீச்சர்" என்று கத்துவார்கள். வகுப்பை விட்டு ஓடுவேன். சில நாள் பொழுது சாயும்வரை ஒன்றும் இருக்காது. விளக்கு வைத்தபிறகு சாப்பிடலாம் என்று கனகா விதி வைத்திருந்தாள். மத்தியானம் மற்றவர்கள் தூக்கைத் திறக்கும்போது நானும் அவளும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். எனக்குக் காது அடைக்கும். அவள் முகத்தைப் பார்ப்பேன். தெளிவாக இருக்கும். இவளுக்கு எவ்வளவு திடம் என்று எண்ணி, என்னையும் திடப்படுத்திக்கொள்வேன். சத்தியமாகச் சொல்கிறேன், கடவுளை நம்பி அல்ல, அவள் முகத்தை நம்பித்தான் அந்தக் கார்த்திகையைக் கடந்தேன்.

ஒருநாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. நான் மயங்கி விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது கனகாவின் முதுகில் இருந்தேன். சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு என்னைச் சுமந்துகொண்டு போகிறாள். அடுத்த வீட்டு வாசலில் இறக்கி, மோர் வாங்கி வாயருகே நீட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அதோ பாரு, மேகத்துக்குப் பின்னால வெள்ளையா கீதே, அதான் சூரியன். குடி" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னால் சரி என்று குடித்தேன். அவளும் பட்டினிதானே, இந்த உடம்பைச் சுமக்க எங்கிருந்து தெம்பு வந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பங்குனியில் மகள் பிறந்தாள். பெயர் வைத்த அன்று வீடு நிறையக் கூட்டம். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், "இந்தக் குழந்தைக்காக வயிற்றில் சுமக்காத ஒருத்தியும் பட்டினி கிடந்தாள்" என்று. பெண்கள் கனகாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுடைய மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"யாரு, இவளா பட்டினி? காத்தால ரெண்டு சொம்பு கூழு குடிச்சிட்டு, வாயத் தொடச்சிக்கினு இல்ல கெளம்புவா."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே எனக்கு எதுவோ கழன்று விழுந்தது. அந்த வேப்பமரத்தடியில் நான் ஒருத்தியாகத்தான் பசித்திருந்திருக்கிறேன்.

எல்லோரும் போனபின் கேட்டேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"ரெண்டு பேரும் பட்டினி கெடந்தா, நீ வுழுந்தா யாரு தூக்கறது?"

"அத எங்கிட்ட சொல்லிட்டுக் குடிச்சிருக்கலாமே."

"சொன்னா நீ இருந்திருப்பியா? மொத வாரத்துலயே வுட்டிருப்ப."

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வெகுநாள் அவளோடு பேசாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால் நடப்பேன். பிறகு மகள் அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நான் தோற்றேன். பேசினேன். ஆனால் மன்னிக்கவில்லை. மூட்டமான காலை வந்தால் போதும், "இன்னா கனகா, கூழு ஆச்சா?" என்று குத்துவேன். "ஆச்சு, உனக்கும் சேத்து" என்பாள். அவள் வாலாஜாபாத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும் எங்களுக்குள் அதுதான் நலம் விசாரிப்பு.

போன கார்த்திகையில் ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். தூறல். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தலை நிறையக் கனகாம்பரம். இளைத்திருந்தாள். கேட்டதற்கு, "வயசாவுது, வேற இன்னா" என்றாள். சூடாக இட்லி எடுத்து அவளுக்கொரு தட்டு, எனக்கொரு தட்டு வைத்தேன். அவள் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் சூரியனைப் பாக்கலியே ராஜி. எப்பிடித் துன்றது?"

என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அவளே அந்தப் பேச்சை எடுத்ததில் எனக்கு ஒரு திருப்தி. "கெட பட்டினி, இப்பவாவது கெட" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டிலிருந்ததையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறும்போது, "நல்லா துன்ன, அது போதும்" என்றாள்.

வாலாஜாபாத்தில் அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் அவள் கணவர் என்னிடம் சொன்னார்: "கார்த்திகைலயே கஞ்சி கூட எறங்கல டீச்சர். உங்க வூட்டுக்கு வர்றதுக்கு மட்டும் பூ வெச்சிக்கினு கெளம்பினா. உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா."

ஆக, இரண்டாம் முறையும் ஏமாற்றியிருக்கிறாள். முதல் முறை சாப்பிட்டுவிட்டுப் பட்டினி என்றாள். இரண்டாம் முறை பட்டினியைச் சூரியன்மேல் போட்டாள். இரண்டு முறையும் நான் அவள் முகத்தைப் பார்த்து நம்பினேன்.

அவளை எடுக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. நானும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எடுத்த பிறகு யாரோ காபி கொண்டுவந்தார்கள். வானத்தைப் பார்த்தேன். அப்போதும் மூட்டம்தான். வேண்டாம் என்றேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவள் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். அதை இப்போது அவளுக்கே திருப்பிக் கேட்கிறேன். நீ விழுந்தால் தூக்க ஒருத்தி வேண்டாமா கனகா? அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேனே.