கொலை நடந்த வீட்டில் குடியிருந்தோம்

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் பெண் கிடைப்பது சுலபம், வாடகைக்கு வீடு கிடைப்பதுதான் கஷ்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குச் சேர்ந்த எனக்குக் கல்யாணம் சட்டென்று முடிந்துவிட்டது, வீடு மட்டும் இழுத்தடித்தது. ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் ஒரு வரிசை வீட்டின் கடைசி வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு மனைவியோடு போய் நின்றேன். வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர். எதையும் மறைக்கவில்லை.

"இங்க இருந்தவன் சம்சாரத்தக் கொன்னுபோட்டு செயிலுக்குப் போயிட்டானுங்க. வெள்ளையடிச்சுத் தந்தர்றனுங்க" என்றார்.

என் மனைவி பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை, வாடகைக்குத்தான் பயப்படுவாள். வாடகையைக் கேட்டதும் சரி என்றுவிட்டாள். எனக்கோ அந்த வீடு முன்பே பழக்கம். கொலை, கொள்ளைச் செய்தி போடுவதற்கென்றே வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையை நான் விடாமல் வாங்குவேன். அதில் இந்த வீடும் வாசல் படத்தோடு வந்திருந்தது. பழைய இதழைத் தேடி எடுத்து ஆசையாக மனைவியிடம் காட்டினேன்.

"செத்தவ கதையக் காசு குடுத்து வாங்கிப் படிக்கீங்களே, கூச்சமா இல்லையா உங்களுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு முழுவதையும் படித்து முடித்துத்தான் திருப்பித் தந்தாள்.

குடிவந்த பிறகுதான் தெரிந்தது, பத்திரிகையோடு திருப்தி அடையாதவர்கள் ஊரில் நிறையப் பேர் என்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் ஆள் வந்து நிற்கும். அதுவும் கொங்குக்காரர்களின் மரியாதை இருக்கிறதே, கொலை நடந்த இடத்தைப் பார்க்க வந்தேன் என்று யாரும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டார்கள். மழையை விசாரிப்பார்கள், எங்கள் சொந்த ஊரை விசாரிப்பார்கள், தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க அம்மிணி, தப்பா நெனைச்சுக்காதீங்க, அது எந்த ரூமுங்க?" என்பார்கள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும்தான்.

என் மனைவி அப்போது கம்பெனியிலிருந்து தைத்த பனியன்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வாங்கிவந்து, தையலில் தொங்கும் நூல் பிசிறை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதில் கை வேலை கெட்டது. ஒருநாள் பொறுமை போய், வந்து உட்கார்ந்த அம்மாளின் மடியில் பத்துப் பனியனைத் தூக்கிப் போட்டு, கையில் ஒரு கத்தரியும் கொடுத்து, "பேசிக்கிட்டே இதையும் வெட்டுங்க" என்றாள். அந்த அம்மாள் மறுக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தண்ணீர், கத்தரி, கட்டு, பிறகு கதை. சாமளாபுரத்திலிருந்து தறி ஓட்டும் பெண்கள் பஸ் பிடித்து வந்து, எங்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு சிக்கல் வந்தது. பத்திரிகையில் இருந்த கதை சீக்கிரம் தீர்ந்துவிடும், கட்டு தீராது. கதை நின்றால் கத்தரியும் நின்றுவிடும். அதனால் என் மனைவி கதையை இழுத்தாள். ஒரு வாரம் அன்றைய இரவில் மழை சேர்ந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்தது. பிறகு ஒரு வாரம், கடைசி நேரத்தில் அந்தப் பெண் "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அந்த இடம் வந்தால் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். துடைத்துவிட்டு மறுபடி வெட்டுவார்கள். உள்ளே பாயில் தூங்குவதுபோல் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நானும் அந்த இடத்துக்காகவே காத்திருப்பேன். அதன்பிறகு என் பத்திரிகை எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நானாவது காசு குடுத்துப் படிக்கேன். நீ வேலை வாங்கிக்கிட்டுல்லா சொல்லுத" என்று ஒருநாள் சீண்டினேன்.

"நா யாரையும் கூப்பிடலையே. வந்தவங்கள சும்மா உக்கார வைக்கக் கூடாதேன்னு குடுக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பெண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள், கதையில் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. வாசலில் வயதான ஒரு அம்மாள் துணிப்பையோடு வந்து நின்றாள். என் மனைவி வழக்கம்போல "வாங்க, உள்ள வாங்க" என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பனியன் கட்டு ஒன்றையும் நகர்த்தி வைத்தாள். அந்த அம்மாள் தண்ணீரை முழுக்கக் குடித்துச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"வேடிக்கை பாக்க வரலீங்க அம்மிணி. இந்த ஊட்டுல இருந்த புள்ளயப் பெத்தவ நானுங்க. ஊத்துக்குளிப் பக்கமிருந்து வாரேன்."

கத்தரிச் சத்தம் நின்றது. நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"எங்கூர்ப் பொம்பளைங்க இங்க வந்துட்டுப் போயிச் சொன்னாங்க. கடைசியா அம்மான்னு கூப்புட்டாளாமா. அதக் கேட்டதுல இருந்து கண்ண மூடுனா அந்தச் சத்தந்தானுங்க எனக்கு. போலீஸ்ல கேட்டேன், ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்கன்னாங்க. அவ கூப்புட்டது நெசமுங்களா?"

வந்திருந்த பெண்கள் பனியன்களை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஊரெல்லாம் தெரிந்துகொண்டு போன கதையைக் கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் இப்போதுதான் வந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்ல எங்களிடம் பத்திரிகைக்காரன் எழுதியதும் நாங்கள் சேர்த்ததும் தவிர ஒன்றுமே இல்லை. அந்தத் தாயின் தூக்கம் என் மனைவி சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நானாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

என் மனைவி அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. அவ கூப்பிடல. அது நானாச் சேத்துக்கிட்டது. மழை, நாயி எல்லாம் நாஞ் சேத்ததுதான். இங்க என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. என்ன மன்னிச்சுக்கிடுங்க."

இதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்குப் பாரம் இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்போம். அவள் திட்டவில்லை. கையை நீட்டி வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, அதே மரியாதையோடு கேட்டாள்:

"அப்ப எம்புள்ள கடைசியா என்னய நெனைக்கவே இல்லீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.