கிரேக்கச் சாடியில் நின்ற வீரன்

வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்த வாரம், நான் ஒரு பழைய கிரேக்கச் சாடியைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எதையும் அரைகுறையாக விடப் பயம். அண்ணா வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பே இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் ரொறன்ரோவின் நடுவீதியில் எங்கள் சனம் வன்னிக்காக நியாயம் கேட்டுத் திரண்டு நின்றது. நாங்கள் குடியிருந்த மல்வேர்னிலிருந்து அம்மாவும் நானும் போய் மத்தியானம் வரை நின்றோம். அம்மாவுக்குக் கால் உளைந்தது. பக்கத்தில்தான் அந்தச் சாடி இருந்த அருங்காட்சியகம். அவரை இருத்திவிட்டுச் சாடியையும் பார்க்கலாமென்று கூட்டிப்போனேன். அந்த நேரத்தில் அப்படிச் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

அம்மா கதிரையில் இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். கறுப்புப் பூச்சுக்கு நடுவே செம்மண் நிறத்தில் மூன்று உருவங்கள்: கேடயமும் ஈட்டியுமாக ஓர் இளம் வீரன், குடுவையோடு ஒரு பெண், தடியூன்றிய கிழவர்.

“உவையள் ஆர் தம்பி?”

“ஒரு வீட்டுக்காரர் அம்மா. அவள் சாமிக்கு வைன் ஊத்தப்போறாள்.”

“நல்ல சாமிதான்! உவன் சண்டைக்குப் போறானோ, வந்திட்டானோ?”

என் கட்டுரையே அதுதான். புறப்படும்போதும் ஊற்றுவார்கள், திரும்பி வந்தாலும் ஊற்றுவார்கள். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதென்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார்.

“தெரியாதம்மா.”

“இவ்வளவு படிச்சும் தெரியாதோ? வடிவாப் பாரன். காலில செருப்பில்லை.”

“ஓம், வெறுங்கால்தான்.”

“பிறகென்ன? வாசல்ல கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்திட்டான்.”

கிரேக்கர் போர்க்களத்தில் நிற்பவனைக்கூட வெறுங்காலோடு வரைவார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கைத்தொலைபேசியை இறுக்கிப் பிடித்தபடி அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பிடியும் இருக்கலாம்” என்றேன்.

“இருக்கலாமில்லை. வந்திட்டான்.”

கட்டுரையில், வெறுங்கால் எதற்கும் ஆதாரமல்ல என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே, இவன் வீடு திரும்பியவன் என்றும் எழுதினேன். இரண்டையும் அழிக்க மனம் வரவில்லை. விரிவுரையாளர் இரண்டு வரிகளுக்கும் கீழே கோடிட்டு, இதில் எதை நீ நம்புகிறாய் என்று கேட்டிருந்தார். அவரிடம் போய் என்ன சொல்வது? அண்ணாவிடமிருந்து அதுவரைக்கும் அழைப்பு வரவில்லை.