சித்தியைக் கூப்பிட்ட குரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வருஷம் பேய் ஒன்று உலாவியது. அது நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். எட்டு வயதில் இப்படி ஒரு விஷயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிவது லேசான காரியமில்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் எட்டு கொண்ட லயம் எங்களுடையது. எங்கள் காம்பராவை ஒட்டியது சித்தப்பாவுடையது. நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் எட்டாது. ஆகவே யாருக்கு எது வேண்டுமென்றாலும் எழுந்து போக வேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தால் போதும். அந்தக் குரல்கள் எல்லாம் சித்தியைத் தேடித்தான் வரும். பிள்ளைக்குக் காய்ச்சலா, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வர ஆள் வேண்டுமா, மலையில் ஒருத்திக்குக் கொழுந்து எடுக்கும் நிரை முடியவில்லையா, "தங்கச்சி", "மதினி", "அக்கா" என்று கூப்பிடுவார்கள். சித்தி "இந்தா வாரேன்" என்பாள். முடியாது என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அதிகமாகக் கூப்பிட்டது யார் என்றால், மனசாட்சிப்படி நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரோட்டு வளைவில் நின்று "சித்தி" என்று கத்துவேன். கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் அவள் மேலேறி வந்து என் புத்தகப் பையை வாங்கிக்கொள்வாள். வேலை விட்டு வரும்போது கொழுந்துக் கூடையோடு அதுவும் வீடு வந்து சேரும். நான் மகாராணி மாதிரி கைவீசி நடப்பேன்.

அந்த வருஷம் சித்தி முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. பாரம் தூக்கக் கூடாது, ஓடியாடித் திரியக் கூடாது, இல்லாவிட்டால் இதுவும் தங்காது என்று மிட்வைஃப் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஒரு பாரமா என்பது ஒவ்வொருவருடைய நினைப்பும்.

அன்றைக்கு நடுப்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. ரோட்டு வளைவில் நின்று வழக்கம்போலக் கூப்பிட்டேன். கீழே எங்கிருந்தோ "வாரேன்டி" என்று கேட்டது. பிறகு கல் சரிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பனிக்குள்ளிருந்து என் குரலையே யாரோ மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டேன்.

பொழுது சாய இரண்டு பெண்கள் சித்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்தபடி கிடந்தாளாம். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பு இருக்கிறது என்று சொல்லி மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்ததும் லயமே அவள் வாசலில் கூடியது. அடுத்த காம்பராப் பெரியம்மாதான் விசாரணையைத் தொடங்கினாள்.

"அந்தப் பக்கம் ஏன்டி போன?"

"யாரோ கூப்பிட்டாங்கக்கா. போனேன்."

"யாரு?"

அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற என்னைச் சித்தி ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"தெரியலக்கா. பழகின கொரலாத்தான் இருந்துச்சு."

அதற்கு மேல் சித்தி ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தை லயமே சொல்லி முடித்தது. பள்ளத்தில் ஒன்று இருக்கிறது, அது தெரிந்தவர்கள் குரலில்தான் கூப்பிடும், பிள்ளைக் குரலிலும் கூப்பிடும். மூன்றாவது தடவை கூப்பிட அதால் முடியாது. என்னைப் பற்றி இவ்வளவு விவரங்களையும் நான் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கோயில் பூசாரி வந்து சித்தியின் கையில் கயிறு கட்டினார். "புள்ள பொறக்கிற வரைக்கும் ஆளத் தெரியாம யாரு கூப்பிட்டாலும் திரும்பாத தாயி. வேணுங்கிறவங்க மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்கட்டும்."

கூப்பிடுவது சுலபம். அவள் வாடிய முகத்தையும் பிள்ளை வயிற்றையும் நேரே பார்த்துக்கொண்டு, எனக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வா என்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை போலிருக்கிறது. வந்தவர்கள் வாசலில் நின்று எப்படியிருக்கிறாய் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். சிலர் பழக்கதோஷத்தில் சுவருக்கு மேலாகக் கூப்பிடத்தான் செய்தார்கள். ஒரு மத்தியானம் பெரியம்மாவின் குரல், "தங்கச்சி, தங்கச்சி, நான்தான்டி, நெசமா நான்தான்" என்று கெஞ்சியது. சித்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு தங்கள் குரலை அது எடுத்துக்கொண்டுவிடுமோ என்று பயந்து பெண்கள் சத்தமாகப் பேசுவதையே விட்டார்கள். எட்டுக் குடும்பம் இருக்கிற லயத்தில் பட்டப்பகலில் பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் மறுபடியும் பனி. முன்னால் சித்தி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பயத்தில் என்னையறியாமல் "சித்தி" என்றேன். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவையும் திரும்பவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டால் மனுஷிதான் என்று ஆகிவிடும் அல்லவா, அதையும் கூப்பிட்டேன். அவள் போய்க்கொண்டேயிருந்தாள். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். குனிந்து என் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வெறும் பனிதான் இருந்தது.

அழுதுகொண்டே ஓடிப்போய் அவள் முகத்துக்கு முன்னால் நின்றேன்.

"என்ன பாப்பா வேணும்?" என்றாள்.

கை தானாகவே பையை நீட்டப் போனது. இழுத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல சித்தி."

"அப்ப நடப்போம்."

பையை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. இனிமேல் சித்தியைக் கூப்பிடவே மாட்டேன் என்று அன்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். தீட்டுக் கழிந்து முப்பதாம் நாள் பூசாரி வந்து கயிற்றை அறுத்தார். மறுநாள் காலையிலேயே சுவருக்கு மேலாகப் பெரியம்மாவின் குரல் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சித்தி நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கயித்தத்தான் அறுத்தாச்சே, இன்னும் என்னடி?"

"இல்லக்கா. அது இன்னும் கூப்பிடுது. நேத்துக்கூட கேட்டுச்சு."

பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போய்விட்டாள். முடியாது என்று சொல்ல வாய் வராத ஒருத்திக்கு ஒரு பேய் எவ்வளவு ஒத்தாசை என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பனியில் கூப்பிட்டது நான்தான். ஆனால் சத்தியம் செய்த பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே. அப்படியானால் நேற்றுக் கூப்பிட்டது யார்?

உண்மையைச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். சித்தி என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். அது எங்கேயோ பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.